மல்லாட்டைக்கு மீசை முளைத்த கதை

போன மாதம் உழவர்கரையில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வந்தேன். வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் வாய் இன்னும் 'எங்கள்' என்றுதான் சொல்கிறது. துணிக்குக் கையால் அச்சுப் போடும் பட்டறை அது. திரைச்சீலை, படுக்கை விரிப்பு, மேஜை விரிப்பு, இப்போது சட்டைத் துணியும் போடுகிறார்கள். நான் சேர்ந்தபோது ஒரே ஒரு அச்சு மேஜை இருந்தது, இப்போது மூன்று. ஆகவே அந்தக் காலம் போச்சே என்று நான் மூக்கைச் சிந்தப் போவதில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

டிசைன் அறையில் புதிதாக இரண்டு பெண்கள், கல்லூரியில் இதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவர்கள். கம்ப்யூட்டரில் ஒரு பூவை வரைந்து ஒரு பொத்தானைத் தட்டினால் திரை முழுக்கப் பூ நிறைந்துவிடுகிறது. அதில் ஒருத்தி மரியாதையாகத்தான் கேட்டாள், "இதையா ஆன்ட்டி நீங்க முப்பது வருஷமா பண்ணீங்க?" ஆமாம் என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை முடிப்பீர்கள் என்றாள். ஒன்றை முடிக்க ஒரு வாரம் ஆகும் என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல பிள்ளைகள், சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியது மட்டும் எனக்குத் தெரிந்தது. பிறகு, உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள், புதிதாக வருகிறவர்களுக்குப் படிக்கக் கொடுக்கிறோம் என்றார்கள். மத்தியானம் முழுக்க டிவி பார்த்துக்கொண்டிருக்கும் ஆளிடம் இப்படியெல்லாம் கேட்கக்கூடாது. இதோ, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆளுயரத் திரைச்சீலை ஒன்று பூவும் கொடியுமாக இருந்தால், அவ்வளவு நீளத்துக்கும் யாரும் வரைவதில்லை. ஒரு முழத்துக்கு ஒரு முழம் ஒரு கட்டம்தான் வரைவார்கள். அந்தக் கட்டமே மேலும் கீழும் பக்கத்திலும் திரும்பத் திரும்ப வந்து துணியை நிறைக்கும். ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் பார்ப்பவர் கண்ணில் படக்கூடாது. அந்த இடத்தை மறைப்பதுதான் என் வேலை. வேறு இடங்களில் இதை ரிப்பீட் என்பார்கள். எங்கள் முதலாளியம்மா, எல்லோருக்கும் அவர் 'மதாம்', பிரெஞ்சில் 'ரக்கோர்' என்பார், அதனால் பட்டறையில் கூட்டிப் பெருக்குகிறவர்வரை எல்லோருக்கும் அது ரக்கோர்தான். நான் வேலையைச் சரியாகச் செய்தால், செய்ததே யாருக்கும் தெரியாது. தப்பாகச் செய்தால் ஊருக்கே தெரியும். இப்படி ஒரு வேலையை வருஷக்கணக்கில் தப்பில்லாமல் செய்த ஆளுக்குத் தலைக்கனம் வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது.

என் பெயர் பிலோமினா, முத்தியால்பேட்டைக்காரி. கன்னியர் மடத்துப் பள்ளியில் பத்தாவதும் பூவேலையும் படித்துவிட்டு, மாதா கோவில் பீடத் துணிகளுக்குத் திராட்சைக் குலை தைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் திராட்சையைப் பார்த்துத்தான் மதாம் என்னை வேலைக்கு எடுத்தார். முதல் இரண்டு வருஷம் மற்றவர்கள் போட்ட கோட்டின் மேல் கறுப்பு மையில் கோடு போட்டேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முதுகு வலித்தது.

பிறகு ரக்கோர் கைக்கு வந்தது. ஓவியர் வரைந்த கட்டத்தை எடுத்துக்கொள்வேன். நடுவில் கத்தரிப்பேன். நேராகக் கத்தரித்தால் பூ அறுபடும், அதனால் இலைக்கும் இலைக்கும் நடுவே பாம்பு போகிற மாதிரி வளைந்து வளைந்து கத்தரிக்க வேண்டும். பிறகு இடது பாதியை வலப்பக்கமும் வலது பாதியை இடப்பக்கமும் மாற்றி வைத்து, இன்னொரு தாளில் ஒட்டுவேன். அப்போது ஓரமாக இருந்தவை நடுவில் வந்து சந்திக்கும், நடுவில் ஒரு பொக்கை விழும். அந்தப் பொக்கையில் ஓவியரின் கையைப் போலவே ஓர் இலையோ மொட்டோ போட்டு அடைக்க வேண்டும். மேலும் கீழும் இதே கதை. எல்லாம் முடிந்த பிறகு ஓவியர் முதலில் கொடுத்த படம் முழுசாக எங்கும் இருக்காது. நான் ஒட்டிய தாள் ஒன்றுதான் மிச்சம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் நிறத்துக்கு ஒன்றாக ஸ்கிரீன் செய்வார்கள். மரச்சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, சாயம் இறங்க வேண்டிய இடத்தைத் தவிர மற்றதை அடைத்துவிடுவது. நீள மேஜையில் துணியை விரித்து, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் நின்று, ரப்பர் பலகையால் சாயத்தை இழுப்பார்கள். மேஜையின் தலைவர் கலியபெருமாள். எங்கள் பட்டறையில் என்னைவிடத் தலைக்கனம் உள்ள ஒரே ஆள் அவர்தான், அவருக்கும் அதற்குத் தகுதி இருந்தது. ஈரமான சாயத்தின் மேல் அவர் ஸ்கிரீனை இறக்கினால் மயிரிழை விலகாது.

மதாமைப் பற்றிச் சொல்லாமல் பட்டறையைப் பற்றிச் சொல்ல முடியாது. அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சுப் பிரஜைகள். வீட்டில் பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. யாரையும் நீ என்று சொல்லமாட்டார், தொட்டி கழுவும் ஆளும் அவருக்கு 'நீங்க'தான். அதனால் அவர் கோபமாக இருக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிப்பதற்குள் நமக்கு வேர்த்துவிடும். பிடிக்காத ஒன்றைப் பார்த்தால் "அலோர்" என்று ஒரு சொல், பிரெஞ்சில் 'சரி, அப்புறம்?' என்கிற மாதிரி. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாமாகவே உளறிக்கொட்டுவோம்.

அவர் வைத்திருந்த ஒரு வழக்கம்தான் எங்கள் பட்டறையின் தனி அடையாளம். எந்தப் புது டிசைனையும் மொத்தமாக அச்சுப் போடும் முன் மூன்று மீட்டர் மட்டும் போட்டு, மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து முற்றத்தில் தொங்கவிட வேண்டும். காலையில் தொங்கவிட்டால் சாயந்திரம்தான் இறக்க வேண்டும். மதாம் அதைப் பார்த்தபடியே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பின்னால் நடப்பார். பத்தடி, இருபதடி, திரும்பிப் பார்க்கவே மாட்டார். முற்றத்தில் ஸ்கிரீன் கழுவும் தொட்டி இருந்தது. முதலாளியம்மா அதில் விழாமல் இருக்க, கலியபெருமாள் பின்னாலேயே நடந்து "மதாம், தொட்டி" என்று சொல்ல வேண்டும். சம்பளம் வாங்கும் வேலைகளில் இதுவும் ஒன்று என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அது மட்டும் போதாது. தபால்காரர், டீ கொண்டு வருகிறவர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் என்று அன்று வாசலுக்கு வந்தவர்களிடமெல்லாம் மதாம் அபிப்பிராயம் கேட்பார். வரைந்தவர்களுக்கும் அச்சடித்தவர்களுக்கும் கண் பழகிப்போயிருக்கும், பழகாத கண்தான் பார்க்கும் என்பார். ஒருமுறை நான் ஒரு வாரம் உழைத்துப் போட்ட ரக்கோரை, "எறும்பு வரிசையா போவுதே" என்று சிலிண்டர்காரர் சொன்ன ஒரே வார்த்தையில் மதாம் திருப்பி அனுப்பினார். அதிலிருந்து எனக்கு அந்த வழக்கத்தின் மேல் ஒரு கடுப்பு இருந்தது உண்மை. ஒவ்வொரு டிசைனுக்கும் ஓர் அட்டை உண்டு. வரைந்தவர் பெயர், ரக்கோர் போட்டவர் பெயர், கடைசியில் 'தொங்கவிட்டுப் பார்த்தது' என்று ஒரு கட்டம். அதில் கையெழுத்துப் போடும் பொறுப்பை மதாம் என்னிடம் கொடுத்திருந்தார்.

இனி தனம். தனலட்சுமி என்பது முழுப் பெயர். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் நிலம், இரண்டு பிள்ளைகள், நடவும் களையும் இல்லாத மாதங்களில் பஸ் ஏறி வேலைக்கு வருவாள். பிறகு எல்லா மாதமும் வர ஆரம்பித்தாள். ஸ்கிரீன் கழுவும் வேலை. ஒருநாள் தொட்டிச் சுவரில், மிச்சச் சாயத்தைத் தொட்டு விரலாலேயே ஒரு மல்லாட்டைச் செடி போட்டு வைத்திருந்தாள். அதாவது வேர்க்கடலை. எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். மண்ணிலிருந்து பிடுங்கியதும் கையில் தூக்கிப் பிடிப்போமே, அதே மாதிரி. மேலே இலை, நடுவே சின்ன மஞ்சள் பூ, கீழே கொத்தாகக் காய் தொங்குகிறது. மதாம் அதைப் பார்த்துவிட்டு ஒரு தாளும் தூரிகையும் கொண்டுவரச் சொன்னார். தனம் தூரிகையைப் பிடித்த விதம் களைக்கொத்தைப் பிடித்த மாதிரி இருந்தது. ஆனால் அதிலிருந்து இறங்கிய கோடு இருக்கிறதே, நான் இருபது வருஷமாகப் போட்டுப் பார்த்தும் வராத கோடு. சொல்ல வெட்கமில்லை, எனக்குப் பொறாமையாக இருந்தது.

மதாம் அவளை மாடியில் டிசைன் மேஜைக்கு உட்கார வைத்தார். படிக்காத ஆள் அந்த மேஜையில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. மூன்று மாதம் பார்ப்போம், முதல் டிசைன் நன்றாகப் போனால் இங்கேயே இருங்கள், இல்லாவிட்டால் பழைய வேலை இருக்கிறது என்று மதாம் சொல்லியிருந்தார். தனம் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நிலைத்த பிறகு சொல்லிக்கொள்கிறேன் அக்கா என்றாள்.

அந்தச் சமயத்தில் கடற்கரைப் பக்கத்துத் தெருவில் ஒருவர் தன் பூர்வீக வீட்டை விருந்தினர் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார். பெயர் அந்துவான். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் சொல்தா என்பார்களே, அந்த வகை. மீசையைத் தினமும் எண்ணெய் போட்டு முறுக்குவார் என்று கேள்வி. சாப்பாட்டுக் கூடத்துக்குத் திரைச்சீலை வேண்டும் என்று பட்டறைக்கு வந்தார். வந்த அன்று தனம் இன்னும் தொட்டியில்தான் இருந்தாள். குழாய்த் தண்ணீர் தெறித்து அவருடைய வெள்ளைக் கால்சட்டை நீலமாகிவிட்டது. அவர் பிரெஞ்சில் கத்தியது மாடியில் இருந்த எனக்கே கேட்டது. தனத்துக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் புரிந்துவிட்டது என்றாள், முகம் சிவக்க. பத்து நாள் கழித்து மதாம் அவருக்குப் பல டிசைன்களைக் காட்டியபோது, அவர் எடுத்தது தனத்தின் மல்லாட்டையைத்தான். தாத்தா நிலத்தில் மல்லாட்டை போட்டவராம்.

மதாம் அக்காளைப் பார்க்கப் பிரான்சுக்குப் போயிருந்தார். ரக்கோரை நான் முடித்தேன். மூன்று மீட்டர் அச்சும் போட்டாயிற்று. அன்று பிடித்தது மழை. ஐப்பசி மழை எங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். முற்றம் குளமாகிவிட்டது. விடுதி திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று. கலியபெருமாள் தினமும் மாடிக்கு வந்து, மேஜையில் துணி விரித்து வைத்திருக்கிறேன், ஓட்டவா வேண்டாமா என்று கேட்டார். நான் அந்த மூன்று மீட்டரை மேஜையில் பரப்பி, குனிந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். இணைப்பு தெரியவே இல்லை. சிலிண்டர்காரர் வந்து எனக்குச் சொல்ல வேண்டுமா என்று ஒரு எண்ணம். அட்டையில் கையெழுத்தைப் போட்டேன். மதாம் போனில் கேட்டார், "தொங்கவிட்டீங்களா?" "ஆச்சு மதாம்" என்றேன்.

மேஜையில் அச்சடிக்கிறவர்கள் துணியின் பக்கவாட்டில் நிற்பார்கள். அவர்களுக்கு டிசைன் எப்போதும் படுத்துத்தான் கிடக்கும். கலியபெருமாள் மொத்தத் துணியையும் அப்படியே பார்த்து அடித்தார். தைத்தவர் மடித்து மடித்துத் தைத்தார். தொங்குகிற நிலையில் அதை யாரும் பார்க்கவில்லை.

திறப்பு விழாவுக்குப் பட்டறையில் எல்லோருக்கும் அழைப்பு. தனம் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, கணவரையும் பிள்ளைகளையும் அழைத்து வந்திருந்தாள். அன்று காலைதான் வீட்டில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். முந்தின நாள் வந்து சேர்ந்த மதாமும் இருந்தார். கூடத்தின் கதவைத் திறந்தார்கள். ஆறு உயரமான சன்னல், உத்தரத்திலிருந்து தரைவரை திரைச்சீலை. எல்லோரும் ஆகா என்றார்கள். நானும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். பக்கத்தில் இருந்த கலியபெருமாள் மெதுவாக என் தோள் பக்கம் சாய்ந்தார்.

"அக்கா, யாரோ நம்மளயே பாக்குற மாதிரி இல்ல?"

பார்த்தேன். இரண்டு மஞ்சள் பூ, இரண்டு கண். நடுவே இறங்கும் காம்பு, மூக்கு. அதற்குக் கீழே படுக்கை வசமாக ஒரு மல்லாட்டைக் காய், நடுவில் இடுப்பு ஒடுங்கி, இரண்டு பக்கமும் புடைத்து, முனை கொஞ்சம் மேலே தூக்கி. அருமையான மீசை. கட்டத்துக்கு ஒரு முகம். உத்தரத்திலிருந்து தரைவரை, ஆறு சன்னலிலும், மீசைக்காரர்கள் வரிசை வரிசையாக நின்று விருந்தாளிகளை முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு பூவும் தெரியாது, இலையும் தெரியாது.

யாரோ ஒரு விருந்தாளி சத்தமாகவே சொன்னார், வீட்டுக்காரர் தன் படத்தையே திரைச்சீலையாகப் போட்டுவிட்டார் என்று. கூடம் சிரித்தது. அந்துவான் திரும்பிப் பார்த்தார். அவர் கை தன்னையறியாமல் மீசைக்குப் போனது. மதாம் திரைச்சீலையைப் பார்த்தபடி பின்னால் நடந்தார், நடந்தார், கேக் வைத்திருந்த மேஜையில் இடித்து நின்றார். "அலோர்" என்றார்.

அந்துவான் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் மதாமைத் தனியே அழைத்து, தொட்டியில் தண்ணீர் தெளித்தாளே அந்தப் பெண்தானே வரைந்தது, வேண்டுமென்றே செய்திருக்கிறாள், இனி அவள் வரைகிற மேஜையில் இருக்கக்கூடாது என்றார். தள்ளி நின்ற எங்கள் காதிலும் அது விழுந்தது. ஊர்க்காரர்கள், உறவுக்காரர்கள் எல்லோர் முன்னாலும் சிரிப்பாகிவிட்டது அவருக்கு. மதாம் என் பக்கம் வந்து கேட்டார், ரக்கோரில் ஏதாவது இருக்குமா என்று. "ரக்கோர் சரியாத்தான் இருக்கு மதாம்" என்றேன்.

இணைப்பு சரியாகத்தான் இருந்தது. அது ஒன்றுதான் அந்தப் பதிலில் இருந்த உண்மை. அந்தக் காயைப் பார்த்த மாத்திரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது தனத்தின் கை இல்லை. அவள் போட்ட காயெல்லாம் தொங்கும், பிடுங்கிய செடியில் காய் படுத்திருக்காது என்று அவளுக்குத் தெரியும். படுத்த காய் என்னுடையது. பாதிகளை மாற்றி ஒட்டியபோது நடுவில் விழுந்த பொக்கையை அடைக்க, அகலமாக ஒன்று வேண்டியிருந்தது. ஒரு காயைப் படுக்க வைத்தேன். ஒரு பூவும் நான் போட்டதுதான், இடது கண்.

மறுநாள் காலை தனம் மாடிக்கு வரவில்லை. எட்டிப் பார்த்தால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டியில் ஸ்கிரீன் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. மதாம்கூட விசாரிக்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தார். நான் இறங்கிப் போய், மேலே வா என்றேன்.

"வேணாம் அக்கா. அவரு திட்டுனப்ப எனக்குக் கோவம் இருந்தது நெசந்தான். மனசுல இருந்தது எனக்குத் தெரியாமயே கையில வந்துட்டுது போல. இந்தக் கைய நம்பி இனிமே எப்படி வரையறது?"

இதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? மாடிக்கு ஏறிப் போய், வேறொரு டிசைனுக்கு ரக்கோர் போட்டேன். அன்று முழுக்க. மறுநாளும். இடையிடையே சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். என்னைப் பற்றி நானே பெரிதாக நினைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் எல்லாம் அந்த இரண்டு நாளில் என்ன பாடுபட்டன என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. பயமாக இருந்தது. பிலோமினா போட்டால் தப்பிருக்காது என்ற ஒரு வார்த்தைதான் நான் சம்பாதித்திருந்தது. அதைக் கொடுத்துவிட்டு நான் யாராக இருப்பது என்று தெரியவில்லை.

இரண்டாம் நாள் சாயந்திரம் மிச்சச் சாயத்தைத் தனம் தொட்டிச் சுவரில் துடைப்பதைப் பார்த்தேன். முன்பெல்லாம் விரல் சும்மா இருக்காது, ஓர் இலையாவது விழும். அன்று துணியை எடுத்துச் சுவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டாள். அவள் பழைய சுவர்ப் படமும் அதோடு போனது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

ஒட்டிய தாளை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு மதாமின் அறைக்குப் போனேன். தாளில் இரண்டு பாதியும் சேரும் கோடு தெளிவாகத் தெரியும். மீசை சரியாக அந்தக் கோட்டின் மேலேயே படுத்திருந்தது. மதாம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது உங்க காய்."

"ஆமா மதாம்."

"தொங்கவிட்டீங்களா?"

"இல்ல. போன்ல பொய் சொன்னேன்."

அலோர் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"காயைப் படுக்க வெச்சது ஒரு நிமிஷத்துத் தப்பு. எல்லாரும் செய்யறதுதான். அந்த ரெண்டு நாள் எதுக்கு, பிலோமினா?"

புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு நான் சொல்ல நினைப்பது இந்த ஒரு கேள்வியைத்தான். கம்ப்யூட்டரும் ஒருநாள் காயைப் படுக்க வைக்கும், அதில் ஒன்றும் இல்லை.

முற்றத்துக்கு இறங்கிப் போய் எல்லோர் முன்னாலும் தனத்திடம் சொன்னேன். கலியபெருமாள் ரப்பர் பலகையைக் கீழே வைத்துவிட்டார். தனம் என்னைத் திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"ரெண்டு நாளா சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கினு இருந்தேன் அக்கா. என்ன தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியாம."

இதற்குத் திட்டே தேவலை. நான் அங்கேயே தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். என் வயதுக்கும் உடம்புக்கும் அந்த விளிம்பு போதாது என்பது எழுந்திருக்கும்போதுதான் தெரிந்தது.

மறுநாள் அந்துவான் வீட்டுக்குத் தாளோடு நானே போக வேண்டும் என்றார் மதாம். போனேன். கூடத்தில் திரைச்சீலைகளைக் கழற்றாமல் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார். கதையைச் சொன்னேன். அவர் தாளை வாங்கிக் கட்டைவிரலால் காயை மறைத்தார். முகம் காணாமல் போனது, பூவும் இலையும் மட்டும் இருந்தன. விரலை எடுத்தார், மீசைக்காரர் வந்துவிட்டார். மறைத்தார், எடுத்தார். பத்து முறையாவது செய்திருப்பார். பிறகு கேட்டார், என்னைப் பார்த்துத்தான் போட்டீர்களா என்று. "உங்கள நான் திறப்பு விழா அன்னிக்குத்தான் முதல் தடவையா பாத்தேன் முசே" என்றேன். அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்த மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்லுங்கள் என்றார். புதுத் திரைச்சீலை போட்டுக் கொடுத்தபோது பழையதில் ஐந்தைத்தான் திருப்பி அனுப்பினார். ஆறாவது எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை.

புதுத் திரைச்சீலைக்குக் காய் நிறத்து ஸ்கிரீனில் அந்த ஓர் இடத்தை அடைத்தோம். மீசை போனது, பொக்கை திரும்பி வந்தது. அதில் எதையாவது போட்டாக வேண்டும். நான் தூரிகையைத் தொடவில்லை. தனத்தின் முன்னால் தாளை வைத்துவிட்டு நின்றேன். அவள் அரை நாள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கை கழுவிய ஈரம்கூடக் காயாமல் தூரிகையை எடுத்து, ஒரே இழுப்பில் ஒரு பிஞ்சுக் காய் போட்டாள். தொங்குகிற காய். நான் ஒரு வாரம் யோசித்தும் எனக்குத் தோன்றாதது. அதன்பின் அவள் டிசைன் மேஜையை விட்டுப் போகவில்லை. என்னோடு வேலை விஷயம் தவிர ஒரு மாதம் பேசவும் இல்லை.

மதாம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மற்றவர்கள் முன்னால் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அட்டையை மட்டும் மாற்றினார். 'தொங்கவிட்டுப் பார்த்தது' என்ற கட்டத்தில் இனித் தனம் கையெழுத்துப் போடுவார் என்றார். நான் ஓய்வு பெறும்வரை, பதினோரு வருஷம், என் ரக்கோர் ஒவ்வொன்றும் அவள் கண்ணைத் தாண்டித்தான் மேஜைக்குப் போனது. ஆரம்பத்தில் பழி வாங்குகிறாள் என்று நினைத்தேன். பழி வாங்குகிறவர்களிடம் ஒரு குஷி இருக்குமே, அது அவளிடம் இல்லை. துணி தொங்கும், அவள் பார்ப்பாள். சரியாக இருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால், "அக்கா, இன்னொரு தடவ பாத்துடுங்க." மழை பெய்தால் நிற்கும்வரை காத்திருப்பாள். கலியபெருமாள் துணியை விரித்துவிட்டுக் கத்தினாலும் காத்திருப்பாள்.

நான் வேலையை விட்ட நாளில் சாயந்திரம் நான்கு மணிக்குப் பிரிவு விழா. மாலை, சால்வை, கேக் எல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். மூன்று மணிக்குத் தனம் என் கடைசி ரக்கோரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள். வலது பக்கம் ஒரு கோடு ஓடுது அக்கா என்றாள். இல்லை என்றேன். முற்றத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். ஓடத்தான் செய்தது. இலைகளின் நுனி எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, மேலிருந்து கீழே ஒரு வரி. கலியபெருமாள் தலையில் அடித்துக்கொண்டார், இன்றைக்காவது விடக்கூடாதா, நாளைக்கு நீயே சரி செய்துகொள்ளேன் என்று. தனம் என்னை மறுபடி மாடிக்கு அழைத்துப் போனாள். தாளை என் மேஜையில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

உட்கார்ந்தேன். நான்கு இலையைத் திருப்பிப் போட இரண்டு மணி நேரம் ஆனது. கீழே மாலை வாடிக்கொண்டிருந்தது, மதாம் இரண்டு தடவை காப்பி குடித்துவிட்டார். ஐந்தரைக்குத் தாளைக் கொடுத்தேன். தனம் அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள், பிறகு அட்டையை எடுத்து, காலையில் அச்சுப் போட்டுத் தொங்கவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்றாள். சரி என்றேன். போகிற ஆள்தானே என்று இரக்கப்பட்டு அன்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தால், என்னை அவள் வேலை தெரிந்த ஆளாக மதிக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். மறுநாள் பத்து மணிக்குப் போன் செய்தாள். தொங்கவிட்டாயிற்று, சரியாக இருக்கிறது என்றாள்.